மாத்திரைக்கு நீங்க, சாமிக்கு அவரு

என் தம்பி கடலில் இறந்தபோது நான் சாயல்குடிக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் செவிலியராக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தங்கச்சிமடம். அய்யா, அவருடைய அய்யா என்று எல்லோருமே கடல் தொழிலாளிகள், எல்லோருமே கத்தோலிக்கர்கள். எங்கள் ஊரில் கோயில் என்று சொன்னால் மாதா கோயில்தான், வேறு விளக்கம் தேவைப்படாது.

தம்பிக்குச் சொந்தமாக ஒரு நாட்டுப்படகு இருந்தது. வாடைக்காற்று அடித்த ஒரு விடியற்காலையில் நங்கூரத்தை இறக்கும்போது கயிறு அவன் காலில் சுற்றி உள்ளே இழுத்துக்கொண்டது. கூடப் போயிருந்தவர்கள் உடனே குதித்தார்கள். தூக்கும்போது உயிர் இல்லை. இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. அவன் குடித்திருக்கவில்லை, யாருடனும் சண்டை போட்டுவிட்டுப் போகவுமில்லை. முந்தின ஞாயிறு கூடப் பூசைக்கு வந்திருந்தான்.

தம்பிக்கான முப்பதாம் நாள் பூசை முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மருந்தாளுநர் எதிரே வந்து உட்கார்ந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். தலைமுறையாக மிளகாயும் நெல்லும் போடும் சம்சாரிக் குடும்பம். வருடம் ஒருமுறை குலதெய்வக் கோயிலுக்குப் போய்வந்து எங்கள் எல்லோருக்கும் திருநீறும் பொங்கலும் கொண்டுவருவார். வாய் நிறையப் பேசுவார், ஆனால் யாரையும் புண்படுத்தப் பேசியதில்லை.

"சிஸ்டர், ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க சார்."

"உங்க சாமி கடலை அதட்டி அடக்கினவருன்னு போன கிறிஸ்துமஸுக்கு நீங்கதான் சொன்னீங்க. அப்ப தம்பியை ஏன் விட்டுட்டாரு?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. குத்திக்காட்டவேண்டும் என்று அவர் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"எல்லாம் நம்பிக்கைதான் சார்," என்றேன்.

"நம்பிக்கை சரி சிஸ்டர். நான் கேட்டதுக்கு அது பதில் இல்லையே."

பிறகு அவரே வருத்தப்பட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். வீட்டில் சாவு நடந்த நாளிலிருந்து எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை வேறொரு வாயிலிருந்து கேட்டபோதுதான் என்னிடம் பதில் என்று ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். தம்பி மனைவி என்னைவிட நிறைய இளையவள். அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருந்தது. நான்தான் மாதாமாதம் பார்த்துக்கொள்வேன். நான் போனபோது வீட்டு முன்னறையில் பாய் விரித்து ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். வீடு வீடாகப் போய் ஜெபிப்பவர் என்றார்கள். எந்தச் சபை அனுப்பியது என்று கேட்டால் நேரடியாகத் தேவனே அனுப்பினார் என்பாராம். பாம்பனில் எனக்குத் தெரிந்த பெந்தகோஸ்தே குடும்பம் ஒன்று உண்டு. பின்னாளில் அவர்களிடம் விசாரித்தபோது, தங்கள் சபையிலும் அவரை யாரும் சேர்க்கவில்லை என்றார்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு தம்பி மனைவியின் தலைக்குமேல் கையை நீட்டினார்.

"சகோதரி, இந்த வீட்ல அறிக்கையிடாத ஒரு பாவம் இருக்கு. தேவன் எனக்குக் காட்டுறாரு. அதுனாலதான் கடல் உங்க புருஷனை எடுத்துச்சு. இப்ப நீங்க மனந்திரும்பலைன்னா இது இதோட நிக்காது."

சுற்றியிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் கதவருகே பையோடு நின்றேன். அவர் சொல்வது தவறு என்று என் மனதுக்குப் பட்டது. ஆனால் ஏன் தவறு, எங்கே எழுதியிருக்கிறது, எந்த வார்த்தையை எடுத்து அவர் முன் வைப்பது, எதுவும் தெரியவில்லை. அவர் மடியில் வேதம் திறந்திருந்தது. என் பையில் பிரஷர் பார்க்கும் கருவிதான் இருந்தது.

அவர்கள் போன பிறகு அவள் அடுப்படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மதினி, நான் அப்படி என்ன பாவம் செஞ்சேன்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. அவரு ஏதோ சொல்றாரு."

"ஏதோ சொல்றாருன்னா? அவரு வேதத்தைக் காட்டித்தான சொல்றாரு. நீங்க எதைக் காட்டிச் சொல்றீக?"

என்னால் எதையும் காட்ட முடியவில்லை. அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

அடுத்த வாரங்களில் தொலைபேசியில் அவள் குரல் மெலிந்துகொண்டே போனது. கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். அந்த ஜெபக்காரர் சொன்னபடி பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம், சாயங்காலம் சர்க்கரை போட்ட எலுமிச்சைத் தண்ணீர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ம் என்பாள். அந்த ம் பொய் என்று எனக்குப் புரிந்து நான் பஸ் ஏறுவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் போனில் கூப்பிட்டுவிட்டார். தெருக்குழாயடியில் குடத்தோடு மயங்கி விழுந்திருக்கிறாள். இராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

நான் சாயல்குடியிலிருந்து நேரே அங்கே போனேன். இரத்தச் சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. உடம்பில் நீர் வற்றி உதடு வெடித்திருந்தது. ட்ரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பணியிலிருந்த டாக்டர் சொன்னார். அதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மறுநாள் காலை அவள் கண் தெளிந்ததும் படுக்கையோரம் உட்கார்ந்து கேட்டேன்.

"மாத்திரையை எப்ப நிறுத்துன?"

"அவரு சொன்ன அன்னைக்கே. மாத்திரை திங்கிறது விசுவாசக் குறைச்சலாம்."

"நான் நர்ஸ். இத்தனை வருஷமா உனக்குச் சொல்லிட்டு வாரேன். என் பேச்சைவிட அவரு பேச்சு பெருசாப் போச்சா?"

அவள் கோபப்படாமல் மெதுவாகச் சொன்னாள். "மாத்திரைக்கு நீங்க, சாமிக்கு அவரு. உங்களுக்கு அது தெரியும், அவருக்கு இது தெரியும். நான் என்ன செய்ய மதினி?"

அந்த வார்டில் நான் பயிற்சிக்காலத்தில் வேலை பார்த்திருக்கிறேன். அதே பச்சைத் திரை, அதே பினாயில் வாடை. அங்கே உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தேன். அவளுடைய உடம்பைப் பற்றிப் பேச எனக்கு உரிமை கொடுத்தது என் படிப்பு. அவளுடைய மனதைப் பற்றிப் பேச அந்த மனிதருக்கு உரிமை கொடுத்தது எங்கள் எல்லோருடைய அறியாமை. அவர் நிறைய அறிந்தவர் என்பதால் ஜெயிக்கவில்லை. எதிரே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாததால் ஜெயித்துக்கொண்டிருந்தார். இதை இப்படியே விடக்கூடாது.

ஊருக்கு வந்ததும் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், புதிதாக வந்தவர். கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டி மோட்டாரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறியது.

"சாமி, நீங்க வந்து அவகிட்டச் சொல்லணும். அந்த ஆளை ஊருக்குள்ள விடக்கூடாதுன்னு அறிவிக்கணும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வந்து சொல்றேன். இன்னைக்கே வாரேன். ஆனா நான் சொல்லிட்டுப் போன மறுநாள் அவரு வருவாரு. அன்னைக்கு வீட்ல யாரு இருப்பா?"

"நான்தான் இருப்பேன். எனக்கு என்ன தெரியும்?"

"ஞானோபதேச வகுப்புல கடைசியா எப்ப உக்காந்து படிச்சீங்க?"

"சின்னப் பிள்ளையில, முதல் தடவை நன்மை வாங்குறதுக்கு முன்னாடி."

"நர்ஸ் படிப்பு?"

"அது மூணு வருஷம். அப்புறம் வருஷா வருஷம் பயிற்சி போடுவாங்க. புது மருந்து வந்தா கூப்பிட்டுச் சொல்லித் தருவாங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஊசி போடுறதுக்கு அவ்வளவு படிச்சிருக்கீங்க. செத்துப்போன தம்பியைப் பத்தி உங்க வீட்ல பேசுறதுக்கு, பால்பல் விழுந்த வயசுல படிச்சது போதும்னு வச்சிருக்கீங்க. உங்களை மட்டும் சொல்லல. இந்த ஊரே அப்படித்தான். நாங்களும் அப்படியே விட்டுட்டோம்."

அது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை. எங்கள் ஊரில் மாதாவைத் தேரில் வைத்து இழுக்க எல்லோருக்கும் தெரியும். படகுக்கு மந்திரித்த தண்ணீர் தெளிக்கவும், செபமாலை சொல்லவும், தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கவும் தெரியும். ஏன் என்று யாராவது கேட்டால் சாமியாரைக் காட்டுவோம். சாமியார் ஒருவர், வீடுகள் பல நூறு.

அவர் எங்கெங்கே படிக்கவேண்டும் என்று சொன்னார். நான் பஸ்ஸில் படிக்க ஆரம்பித்தேன். சாயல்குடியிலிருந்து இராமநாதபுரம் வரும் வழியெல்லாம் பனையும் உப்பளமும், பிறகு ஊர் ஊராக நிறுத்தம். எனக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தால் மடியில் வேதம் திறந்துவிடும். சின்ன வயதிலிருந்து பூசையில் காதில் விழுந்த பகுதிகள்தான். யாரோ வாசிக்க, நான் சின்னப் பிள்ளையாக இருந்த தம்பியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு கேட்டவை. இப்போது முதல்முறையாக ஒரு தேவையோடு படித்தேன்.

பிறவியிலேயே கண் தெரியாத ஒருவனைக் காட்டிச் சீடர்கள் கேட்கிறார்கள், இவன் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா என்று. எங்கள் வீட்டு முன்னறையில் கேட்ட அதே கேள்வி. இரண்டு பேருமே இல்லை என்கிறார் ஆண்டவர். கோபுரம் இடிந்து விழுந்து செத்தவர்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்கிறார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த ஒரு நீதிமானிடம் நண்பர்கள் வந்து, நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், ஒத்துக்கொள் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல்தான் விழுகிறது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனையும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்திருக்கிறது.

இன்னொரு நாள், தன் நண்பனின் கல்லறைக்கு முன் ஆண்டவர் அழுத பகுதியைப் படித்தேன். சில நிமிடங்களில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தவர் ஏன் அழவேண்டும்? அதை யோசித்தபோது என் கண்ணில் நீர் வந்துவிட்டது. தம்பி இறந்தபோது எல்லா வேலையையும் நான்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சான்றிதழ், சவப்பெட்டி, வந்தவர்களுக்குச் சாப்பாடு. அழ நேரம் இருக்கவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் அழுதேன். கீழக்கரையில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முஸ்லிம் அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

"தம்பி. கடல்ல."

அவர் தன் மார்க்கத்துச் சொற்களை முணுமுணுத்துவிட்டு, இராமநாதபுரம் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

படித்ததைப் பேசிப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேறு யார், எங்கள் மருந்தாளுநர்தான். மதியச் சாப்பாட்டில் நானே ஆரம்பித்தேன்.

"சார், அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு இப்பப் பதில் சொல்லட்டுமா?"

அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் படித்ததையெல்லாம் சொன்னேன்.

"சரி சிஸ்டர். பாவம் காரணம் இல்ல. அப்ப எது காரணம்?"

"அது எனக்குத் தெரியல. எங்க வேதத்திலயும் ஒரு வரியில எழுதி வைக்கல."

"கடலை அடக்கினவரு?"

"அடக்கினாரு. ஆனா தன்கூட வாரவங்க யாரும் கடல்ல சாக மாட்டாங்கன்னு அவரு எங்கயும் சொல்லலை சார். அவருக்காக ஊர் ஊராப் போன ஒருத்தர் ஏறின கப்பலே உடைஞ்சுது. பக்கத்துல இருந்த சீடர்கள்ல பலரைக் கொன்னாங்க. அவரே சிலுவையில என்னை ஏன் கைவிட்டீருன்னு கத்தித்தான் செத்தாரு. என் தம்பி பட்டது என்னன்னு தெரியாத சாமியை நான் கும்பிடல. அவ்வளவு என்னால சொல்ல முடியும்."

"செத்தவரு எந்திரிச்சாருன்னு சொல்றீங்களே, அதை நான் எப்படி நம்ப?"

"நீங்க நம்பணும்னு நான் சொல்லல. நான் ஏன் நம்புறேன்னு கேளுங்க. பயந்து கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தவங்க, கொஞ்ச நாள்ல தெருவுல வந்து நின்னு சொல்றாங்க. சொன்னா உயிர் போகும்னு தெரிஞ்சே சொல்றாங்க. தாங்களே கட்டின கதைக்காக அத்தனை பேர் எதுக்குச் சாகணும்? அதை நான் யோசிச்சுப் பார்த்தேன்."

அவர் உடனே விட்டுவிடவில்லை. பொய்யை நிஜம் என்று நம்பி உயிரை விட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டே என்றார். நியாயமான கேள்வி. நான் அதைச் சாமியாரிடம் கொண்டுபோனேன். பிறர் சொல்லக் கேட்டு நம்பிச் சாவது வேறு, தன் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிச் சாவது வேறு என்றார். அதைத் திரும்பக் கொண்டுவந்தேன். மருந்தாளுநர் அதற்கும் ஒரு மறுகேள்வி வைத்திருந்தார். இன்னொரு நாள், மழையில்லாத வருடங்களில் தன் ஊருக்கும் அந்த ஜெபக்காரரைப் போல யாராவது வந்து, இன்னார் செய்த குற்றம் என்று கை காட்டிவிட்டுப் போவதைச் சொன்னார். ஒருமுறை ஒரு குடும்பத்தை அதற்காகவே ஊரில் யாரும் பேசாமல் ஒதுக்கி வைத்தார்களாம். அவர் என் மதத்துக்கு வரவில்லை. வரவேண்டும் என்று நான் பேசவுமில்லை. ஆனால் பேசிய ஒவ்வொரு நாளும் என் நாக்கு கொஞ்சம் திருந்தியது.

தம்பி மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். துணைக்கு வந்து தங்கியிருந்த என் அம்மா மாத்திரையை அவள் கையில் கொடுத்து, முன்னால் நின்று விழுங்கவைத்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் மறுபடி வந்தார். பின்னால் அதே பெண்கள். நான் விடுப்பில் இருந்தேன். வாங்க, உட்காருங்க என்று நானே பாயை விரித்தேன்.

அவர் ஆரம்பித்தார். "தேவன் எச்சரிச்சாரு சகோதரி. பாத்தீங்களா, கேக்காததுனால ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டீங்க."

"அண்ணே," என்றேன், "அவ உங்க பேச்சைக் கேட்டதுனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. அது கிடக்கட்டும். பாவத்தினாலதான் என் தம்பி செத்தான்னு சொன்னீங்க. பிறவிக் குருடனைப் பத்தி ஆண்டவர் என்ன சொன்னாரு? நீங்களே அதை எடுத்து வாசிங்க."

அவர் வாசிக்கவில்லை. எனக்குப் பக்கம் தெரியும், நான் எடுத்து வாசித்தேன். கோபுரம் விழுந்த பகுதியையும் வாசித்தேன். பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"வசனத்தை ஆவியோட படிக்கணும் சகோதரி. படிச்ச திமிருல படிக்கக் கூடாது."

"சரி, திமிருன்னே வச்சுக்கங்க. எழுதியிருக்கிறது இதுதானா இல்லையா?"

"கீழ்ப்படியாதவங்களுக்குத் தண்டனை உண்டுன்னும் எழுதியிருக்கு." அவர் சரசரவென்று பக்கங்களைத் திருப்பிப் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். சாபங்களின் நீண்ட வரிசை. எனக்கு அந்தப் பகுதி தெரியாது. என் பக்கத்தில் சாமியாரும் இல்லை, மருந்தாளுநரும் இல்லை.

"இது எனக்குத் தெரியாது," என்றேன். "யாருக்கு, எப்பச் சொன்னதுன்னு படிச்சிட்டு வந்து சொல்றேன். ஆனா ஆண்டவரே தன் வாயால இப்படி நினைக்காதீங்கன்னு சொன்னது இருக்கே. அதை மீறி இவ தலையில கையை வச்சுச் சாபம்னு சொல்றதுக்கு உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"மாத்திரை சாப்பிடச் சொல்லி எங்க எழுதியிருக்கு? காட்டுங்க பாப்போம்."

இதற்கு நான் தயாராக இருந்தேன். "அடிபட்டு வழியில கிடந்தவனைத் தூக்கி, காயத்துல எண்ணெயும் திராட்சரசமும் ஊத்திக் கட்டி, சத்திரத்துல சேர்த்தானே ஒருத்தன். அவனுக்கு விசுவாசம் இல்லைன்னா ஆண்டவர் சொன்னாரு? அவனைப் போலச் செய்னுதான சொன்னாரு. நோயாளிக்கு மருத்துவன் தேவைன்னு அவரே பேசியிருக்காரு."

அவர் குரல் உயர்ந்தது. இந்த வீட்டுக்கு இன்னும் என்னென்ன வரும் பாருங்கள் என்று ஆரம்பித்தார். அப்போது தம்பி மனைவி எழுந்தாள். அவ்வளவு நேரமும் சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

"அண்ணே, இனிமே இங்கன வராதீக."

"சகோதரி, நீங்க பயத்துல..."

"பயமாத்தான் இருக்கு. நீங்க வந்த நாள்லயிருந்துதான் இருக்கு. போயிட்டு வாங்க."

அவர் போனார். கூட வந்தவர்களில் இரண்டு பெண்கள் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, கருவாடு காயப்போடும் வேலை செய்பவள், கேட்டாள். "அக்கா, அந்தக் குருட்டு மனுஷன் கதையை இன்னொரு தடவை வாசிங்க. என் மக பிறந்ததுலயிருந்து காது கேக்காது. எங்க மாமியார் இன்னைக்கு வரைக்கும் என்னையத்தான் சொல்லுது."

வாசித்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவளால்தான் தொடங்கியது. பூசை முடிந்து, சமையல் முடிந்து, பிற்பகலில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கூடுகிறோம். வலை பின்னுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், பள்ளியில் சத்துணவு சமைப்பவர், நான். யாரும் பேச்சாளர்கள் கிடையாது. ஒருவர் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வியைச் சொல்வார். எல்லோரும் தேடுவோம். மாட்டிக்கொண்டால் சாமியார் வருவார். உங்களுக்கு மூன்று சாமியா என்று கேட்டால் என்ன சொல்வது, சிலையைக் கும்பிடுகிறீர்களே என்று வேறு சபைக் கிறிஸ்தவர்களே கேட்டால் என்ன சொல்வது, கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறியவர்கள் என்று பஸ்ஸில் ஒருவன் சொன்னால் எப்படிக் கோபப்படாமல் பேசுவது. ஆட்டோக்காரர் முதல் மாதம் எல்லாவற்றுக்கும் சண்டைக்குப் போனார். ஜெயிக்கவேண்டும் என்று பேசினால் கேட்கிறவன் காதை மூடிக்கொள்வான் என்று அவருக்குப் புரியவைக்க வெகுநாள் ஆனது. அந்தச் சாபப் பகுதியையும் படித்தோம். முழுவதும் தெளிவாகவில்லை என்பதையும் ஒத்துக்கொண்டோம்.

இதெல்லாம் சாமியார்மார் வேலை, பொம்பளைகளுக்கு எதற்கு என்று ஊரில் பேசினார்கள். வேதம் பேசி யாருக்கு மீன் கிடைத்தது என்றார் என் சித்தப்பா. நான் அவரிடம் சொன்னேன். "சித்தப்பா, மாத்திரை பத்தித் தெரியலைன்னா உடம்பு போகும். இது தெரியலைன்னா மனசை எவன் வேணும்னாலும் வந்து எடுத்துட்டுப் போயிருவான். நம்ம வீட்ல அது நடந்துச்சு. இன்னொரு வீட்ல நடக்க விட மாட்டேன்." அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை கூட்டத்துக்கு வரவில்லை. அவர் மனைவி வருகிறார்.

தம்பி மனைவியும் வருகிறாள். கதவோரத்தில்தான் உட்காருவாள். சில ஞாயிறு பூசைக்கு வருகிறாள், சில ஞாயிறு வருவதில்லை. ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "பாவம் இல்லைன்னு வச்சுக்கிருவோம். அப்புறம் ஏன் அவரு? ஏன் எங்க வீடு?" சாமியாரும் அன்று இருந்தார், அவரும் பேசவில்லை. கருவாட்டுக்காரி எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு தம்பி மனைவியே சொன்னாள். "சரி, அதை யாரும் சொல்ல வேணாம். தெரியாததைத் தெரியும்னு சொல்லாம இருந்தீகளே, அது போதும்."

போன மாதம் சத்துணவு சமைக்கும் அக்கா கொஞ்சம் தாமதமாக வந்தார். மதுரையில் கல்லூரியில் படிக்கும் மகள் போன் பண்ணினாளாம். விடுதியில் கூட இருக்கிற பெண்கள், கடவுள் என்று ஒருவர் இருக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்களாம். அம்மாவிடம் கேட்கிறேன் என்று சொல்லிப் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"சாமியார்கிட்டக் கேளுன்னு சொல்ல வாய் வந்துச்சு. முழுங்கிட்டேன். ஏலா, அவளுகளையும் கிட்ட உக்காரச் சொல்லு, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், தெரியாததை அடுத்த வாரம் கேட்டுச் சொல்றேன்னேன். உலை கொதிச்சுப் பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு. நான் பேசிக்கிட்டே இருந்தேன்."

என்ன பேசினார் என்று நாங்கள் கேட்டோம். அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வகுப்பறையின் முன்னால் போய் நின்று, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.